எதற்கு அவ்வளவு பெரிய துப்பாக்கி?

"திருடுறதுதான் திருடுறான், கைக்கு அடக்கமா ஒண்ணைத் திருடித் தொலைக்கக் கூடாதா?" என்றேன் நான்.

தாமரையக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரும்பு அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல வெல்வெட் விரித்த தட்டில் ஒன்பது பள்ளங்கள். எட்டில் எட்டு ரிவால்வர்கள் சமர்த்தாகப் படுத்திருந்தன. ஒன்பதாவது பள்ளம், இருப்பதிலேயே நீளமானது, காலியாக இருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு கார்மேகம்?"

"ஃபார்ட்டி ஃபோர் மேக்னம் தாயி. எட்டு இஞ்ச் குழல். ஒன்றரைக் கிலோ இருக்கும்." அந்த ஆயுத அறையின் பொறுப்பாளர் கார்மேகம், சிவகங்கைப் பக்கத்துக்காரர். "காலையில தொடைச்சு வெச்சுப் பூட்டுனேன். மத்தியானம் தொறந்து எண்ணுறேன், காணல. பூட்டு உடையல. நான்தான் எடுத்தேன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாக?"

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மணிமாறன். அஜ்மானில் 'தாமரை டைப்பிங் சென்டர்' என்று ஒரு கடை இருக்கிறது. வெளியே விசா விண்ணப்பம் டைப் செய்கிறோம்; உள்ளே, வருகிறவர்களின் வம்பு வழக்குகளைத் தீர்க்கிறோம். துப்பறியும் நிலையம் என்று இந்த ஊரில் லைசென்ஸ் கேட்டால் முதலில் நம்மைத்தான் துப்பறிவார்கள். அதனால் போர்டில் அது கிடையாது. அக்காவுக்கு மூளை, எனக்கு வாய் என்று தொழிலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

கார்மேகம் எங்கள் வாடிக்கையாளர். அவர் மனைவி கனகாவுக்கு விசிட் விசா டைப் செய்து கொடுத்தது நாங்கள்தான். அந்தக் கனகா இன்று மாலை ஷார்ஜா விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். வாழ்க்கையில் முதல் விமானம், முதல் வெளிநாடு, தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது. அழைத்துப்போக வர வேண்டிய மனிதரோ இங்கே வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கிறார்.

உம் அல் குவைன் போகும் சாலையில், மணல்மேட்டுக்கு நடுவே இருந்தது அந்த 'வாஷக்' துப்பாக்கி சுடும் கிளப். அதன் உரிமையாளர், எல்லோரும் அர்பாப் என்று அழைக்கிற பெரியவர், நாங்கள் வந்ததுமே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். போன வருடம் காணாமல்போன அவருடைய வேட்டைப் பருந்தை அக்கா கண்டுபிடித்துக் கொடுத்திருந்ததால்தான் இந்த அளவுக்காவது பேசினார். "நான் பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு வருவேன். அதற்குள் துப்பாக்கி கிடைத்தால் கிடைத்தது. இல்லையென்றால் போலீஸ். லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. மாஃபி சான்ஸ், வேறு பேச்சே கிடையாது." அரபியும் இந்தியும் கலந்து சொன்னதை நான் தமிழில் தருகிறேன். மிச்சத்தை அவர் புருவம் சொன்னது.

போலீஸ் வந்தால் கார்மேகத்தை அழைத்துப்போவார்கள். விசாரணை முடியும்வரை கனகாவின் கதி?

"மாறா, அழுத மூஞ்சியை மாத்து" என்றார் அக்கா. "குண்டுப் பெட்டி எங்க இருக்கு?"

அதே அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்தது. அரக்கு முத்திரைகூட உடையவில்லை.

"பாத்தியா? துப்பாக்கி வேணும், குண்டு வேண்டாம். இதோ, இந்தக் குட்டித் துப்பாக்கி சட்டைப் பையில போகும். அதை விட்டுட்டான். இதுல தங்கக் கம்பி வேலை செஞ்சிருக்கு, வித்தா நல்ல விலை. அதையும் விட்டுட்டான். மறைக்கவும் முடியாத, சுடவும் குண்டில்லாத ஒரு குண்டாந்தடியைத் தூக்கிட்டுப் போயிருக்கான். எதுக்குடா?"

"தேங்காய் உடைக்கவா இருக்கும்" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

அப்போது மேனேஜர் முரளிதரன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். அந்தப் புழுக்கத்திலும் டை. அறைக்கும் அலமாரிக்கும் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது. ஆனால் மேனேஜரின் சாவியை யார் சந்தேகப்படுவார்கள்?

"ஏனுங் மேடம், எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்றார். "அர்பாப்கிட்ட நீங்க சொன்னாக் கேப்பாருங். நாளைக்குக் காலைல வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க. எங்கியாச்சும் இருக்கும், தானா வந்துரும். கார்மேகம் பாவமுங்."

"கேமரா?"

"பதிவைத் தொறக்கற ஆள் வெளிக் கம்பெனிங். நாளைக்குக் காலைலதான் வருவான்."

"தேடிப் பாத்தாச்சா?"

"லாக்கர், ஏசிக் குழாய், தண்ணித் தொட்டி, மணல் வாளி, ஒண்ணு விடலைங். வாசல்ல மெட்டல் டிடெக்டர் இருக்கு. காலைல இருந்து யாரு தாண்டினப்பவும் அது கத்தலைங். ஆக, உள்ளதான் இருக்கோணும்."

அக்கா அலமாரித் தட்டைக் காட்டினார். "எனக்குத் துப்பாக்கின்னா தீபாவளித் துப்பாக்கிதான் தெரியும். வர்றவங்க இதுல எப்படித் தேர்ந்தெடுப்பாங்க?"

அவ்வளவுதான், மனிதர் போலீஸை மறந்தார், கார்மேகத்தை மறந்தார். "நான் மூணு கேள்வி கேப்பேனுங். கை எவ்வளவு பெருசு? தோள் எவ்வளவு பலம்? சம்சாரம் கூட வந்திருக்காங்களா? சம்சாரம் கூட வந்தா, பூஞ்சை உடம்புக்காரரும் மேக்னம்தான் வேணும்பாரு. ஒரு ரவுண்டு சுட்டதும் மணிக்கட்டைப் பிடிச்சுட்டு உக்காந்துருவாரு. சுடத் தெரிஞ்சவங்க சின்னதுல ஆரம்பிப்பாங்க. ஆனா அந்த ஃபார்ட்டி ஃபோர் இருக்கே..." முரளிதரன் காலிப் பள்ளத்தைத் தடவிக்கொடுத்தார். "அதுதானுங் ராஜா. அந்தக் குழலோட நீளமென்ன, பளபளப்பென்ன! பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்தா, பாக்கறவன் வயிறு எரியும்."

அக்கா நன்றி சொன்னார். எனக்குப் பசித்தது.

பசிக்கு வழி பணியாளர் அறையில் இருந்தது. அன்று ஆயுத பூஜை. கணக்குப் பிரிவு நாகவள்ளி, காலையிலேயே மூலையில் ஒரு மேஜையைக் கழுவிக் கோலம் போட்டு, எல்லோருடைய தொழில் சாமான்களையும் அடுக்கியிருந்தார். அவருடைய கால்குலேட்டர், சமையல்காரரின் கரண்டி, பஸ் ஓட்டுகிற முகம்மது ஆசிக்கின் டயர் ஸ்பானர், கார்மேகம் துப்பாக்கிக் குழல் துடைக்கிற பிரஷ்ஷும் கம்பியும். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். பின்னால் புத்தகங்களை அடுக்கிச் சிவப்புப் பட்டுத் துணி போர்த்தி, மேலே சரஸ்வதி படம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுண்டலில் இறங்கினேன்.

"அடப்பாவி, ஒரு குடும்பத்துப் பங்கைத் தின்னுட்டியே" என்றார் அக்கா.

"துப்பு துலங்கத் தெம்பு வேணும்ல?"

அக்கா எல்லோரையும் உட்காரவைத்து ஒரே கேள்வி கேட்டார். "சும்மா விளையாட்டுக்கு. அந்த ஒன்பதுல ஒண்ணை எடுத்துக்கோன்னு சொன்னா, எதை எடுப்பீங்க?"

ஆசிக் யோசிக்கவே இல்லை. கீழக்கரை ஆள், பேச்சில் உப்புக்காற்று அடிக்கும். "குட்டியைத்தான்க்கா. பாக்கெட்ல போட்டா பர்ஸுன்னு நெனைப்பாங்க."

நாகவள்ளி சிரித்தார். "தங்கம் போட்டதுதான். துப்பாக்கி யாருக்கு வேணும்? கம்பியை உருக்கித் தோடு பண்ணிக்குவேன்."

கார்மேகம் தலை நிமிராமலே சொன்னார். "பழைய முப்பத்தெட்டு ஒண்ணு இருக்கு தாயி. தேஞ்சு போனது. புதுசா வாறவுகளுக்குக் கையில குடுக்குறது அதத்தான். என் கைக்குப் பழகுனது அதுதான்."

"முரளி சார்?"

முரளிதரன் டையைச் சரிசெய்தார். "நானுங்களா? அந்தக் குட்டிதானுங். அடக்கமா இருக்கும்."

அக்கா சுண்டல் கிண்ணத்தை என்னிடமிருந்து பிடுங்கி, ஒரு வாய் போட்டுக்கொண்டு மென்றார். அவர் மெல்லும் வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, எலி பொறிக்குள் போய்விட்டது என்று. எந்த எலி, எந்தப் பொறி என்பதுதான் விளங்கவில்லை.

"காலையில பூஜை முடிஞ்சதும் என்ன செஞ்சீங்க?"

"வெளிய போயி பஸ்ஸுக்குப் பொட்டு வெச்சோம்க்கா" என்றார் நாகவள்ளி. "சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஆசிக் பாய் ஏத்துனாரு. எல்லாரும் கைதட்டிப் பாத்துக்கிட்டு நின்னோம்."

"முரளி சாருமா?"

"சார் போன்ல இருந்தாரு. அப்புறமா வந்தாரு."

கதவு திறந்தது. அர்பாப் தொழுகை முடித்து வந்துவிட்டார், கையில் போனோடு. கார்மேகம் எழுந்து நின்றார். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். "என்னையப் புடிச்சுட்டுப் போகட்டும் தாயி" என்றார் மெதுவாக. "கனகாவை மட்டும் நீங்க போயிக் கூட்டிட்டு வந்துருங்க. பயந்து போயிருவா."



"அர்பாப், ஒரே ஒரு நிமிஷம்" என்றார் அக்கா இந்தியில். பிறகு, "ஆசிக் பாய், வாசல்ல ஆளைத் தடவிப் பாப்பாங்களே, அந்தக் கைக் கருவியைக் கொண்டு வாங்க."

ஆசிக் கொண்டுவந்தார். மட்டை போல இருக்கிற மெட்டல் டிடெக்டர். அக்கா வாங்கிக்கொண்டு நேராகப் பூஜை மேஜைக்குப் போனார்.

"ஐயோ, அதைத் தொடாதீங்கக்கா!" நாகவள்ளி பதறினார். "பூஜையில வெச்சதை இன்னிக்கு அசைக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி, காலையில பிரிச்சுத்தான் எடுக்கணும்."

"தொடவே மாட்டேன் நாகவள்ளி. துணிக்கு அடியில என்ன இருக்கு?"

"புத்தகம்தான். ஏழெட்டுப் புத்தகம்."

கரண்டி, ஸ்பானர் பக்கம் போகாமல், கருவியைப் பட்டுத் துணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அக்கா மெல்ல நகர்த்தினார். வலது ஓரத்தில் சத்தமில்லை. நடுவே வந்ததும் 'கீ...ங்' என்று அலறியது பாருங்கள், எனக்கு நாற்காலி சாய்ந்தது. அந்தத் துணிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் நான் சுண்டல் தின்றிருக்கிறேன்.

"சரஸ்வதி இப்ப இரும்புல புத்தகம் போடறாளா?" என்றேன்.

"லாக்கரைத் தேடுனீங்க, ஏசிக் குழாயைத் தேடுனீங்க. இந்த மேஜையை எல்லாரும் கும்பிட்டுட்டுத் தாண்டிப் போனீங்க" என்றார் அக்கா. "நானும்தான்."

முதலில் வாய் திறந்தவர் முரளிதரன். முகமெல்லாம் கருணை; கார்மேகத்துக்குத் தமிழ், அர்பாபுக்கு இந்தி. "அட, கார்மேகம்! இதுக்கா இத்தனை பயந்தே? ஆயுத பூஜைன்னு ஆயுதத்தையே கொண்டாந்து வெச்சுட்டியா? பக்தியிலே பண்ணிட்டானுங் அர்பாப். போலீஸெல்லாம் வேண்டாமுங். வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிச்சுட்டாப் போதும், மன்னிச்சுருங்க."

கார்மேகம் திகைத்துப்போய், "நான் வெக்கல சார்" என்றார். அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. எனக்கே ஒரு கணம், இருக்கும் என்றுதான் தோன்றியது.

"அவர் வெக்கல" என்றார் அக்கா. "அவர் தொழில் சாமான் அதோ இருக்கு. பிரஷ்ஷும் கம்பியும், பொட்டு வெச்சு. அவருக்குச் சோறு போடுறது அதுதான்னு அவருக்குத் தெரியும். துப்பாக்கியிலயே ஒண்ணை வெக்கணும்னா, கைக்குப் பழகின பழசைத்தான் எடுத்திருப்பார். இந்த மேஜையில எல்லாரோட சாமானும் இருக்கு. உங்களோடது மட்டும் எங்க முரளி சார்?"

"என்... லேப்டாப்புங்."

"அது உங்க டேபிள்ல ஓடிக்கிட்டிருக்கு. பூஜையில வெச்சதை யாராச்சும் எடுத்து வேலை பாப்பாங்களா?"

முரளிதரன் டையை மறுபடி சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"திருடினவன் இனிமே கிடைக்காதும்பான். திருடாதவன் இப்பவே தேடுவோம்பான். நீங்க ஒருத்தர்தான் வந்ததுல இருந்து நாளைக்குக் காலைல, நாளைக்குக் காலைலன்னு சொன்னீங்க. நாளைக்குக் காலையில பூஜை பிரிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரிய துப்பாக்கியை ராஜான்னு கொஞ்சுனீங்க. எதை எடுப்பீங்கன்னு கேட்டதும் குட்டின்னுட்டீங்க. இவ்வளவு பெருசை எதுக்கு எடுக்கணும்? ஒளிக்க இல்ல, விக்க இல்ல, சுட இல்ல. அப்ப காட்டத்தான். யாருக்குக் காட்டுனீங்க?"

அக்கா முரளிதரனின் போனைக் காட்டி இந்தியில் ஏதோ சொல்ல, அர்பாப் கையை நீட்டினார். முரளிதரன் போனைத் திறந்து கொடுத்தார். குடும்ப வாட்ஸாப் குழு. காலையில் ஒரு படம்: பட்டுத் துணி, சரஸ்வதி, முன்னால் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துச் சாமந்திப்பூ சூடிய மேக்னம் ரிவால்வர். கீழே அவர் எழுதியிருந்தார், 'இங்கெல்லாம் நிஜ ஆயுத பூஜை.' அதற்கு மேலே வேறொருவர் அனுப்பிய படம், மாலை போட்ட புத்தம்புது வெள்ளைக் கார்.

"இது யாரு?" என்றேன்.

"சகலைங்" என்றார் முரளிதரன், ஈன சுரத்தில். "வருஷா வருஷம் ஏதாச்சும் வாங்கி மாலை போட்டு அனுப்புவானுங். இந்த வருஷமாச்சும்னு... போட்டோ எடுத்ததும் திருப்பி வெச்சிருப்பேன். எங்கம்மா படத்தைப் பாத்துட்டு போன் பண்ணி, பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுத்துறாதே, தொழில் போயிரும்னாங்க. துணியைப் போர்த்தி விட்டுட்டேன். மத்தியானம் கார்மேகம் எண்ணுவான்னு நினைக்கலைங். அதுக்கப்புறம் சொல்றதுக்குப் பயமாப் போச்சு."

அக்கா விஷயத்தை அர்பாபுக்கு விளக்கினார். சகலை என்றால் யார் என்று புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. மனைவியின் தங்கை புருஷன் என்றதும் அர்பாப் முகத்தில் ஒரு அனுதாபம் ஓடி மறைந்தது. எல்லா நாட்டிலும் இருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் கார்மேகத்தைப் பார்த்ததும் அந்த முகம் இறுகிவிட்டது. "பயமா? போலீஸுக்கு நான் போன் எடுத்தேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்."



நாகவள்ளி சூடம் கொளுத்தி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தை வடக்கே லேசாக நகர்த்திப் பூஜையை முடித்துவைத்தார். இனி எடுக்கலாம் என்றார். அர்பாபே துணியை விலக்கி மேக்னத்தைத் தூக்கினார். சந்தனப் பொட்டை அவர் துடைக்கவில்லை. அப்படியே கார்மேகத்திடம் கொடுத்தார். கார்மேகம் அதைப் பள்ளத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். முரளிதரனின் சாவி அர்பாபின் பைக்குள் போனது.

"என் விஷயம் அர்பாப்..." என்று இழுத்தார் முரளிதரன்.

"நாளைக்குக் காலையில்" என்றார் அர்பாப். "இப்போது உன் காரை எடு. கார்மேகத்தின் பீவி ஏர்போர்ட்டில் இறங்குகிறாள். நீ ஓட்டு. பெட்டியையும் நீயே தூக்கு. யல்லா!"

முன்னால் முரளிதரன், பக்கத்தில் கார்மேகம், பின்னால் அக்காவும் நானும். வழியில் நான் இரண்டு ஜோக் யோசித்தேன். அக்கா முறைத்ததில் இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன.

வருகைக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு கனகா வந்தார். மிரண்டுபோய் நாலு பக்கமும் பார்த்தவர், கார்மேகத்தைக் கண்டதும் நடுவழியிலேயே நின்று அழுதுவிட்டார். கார்மேகமும் அழுதார். "என்னங்க, நேத்து வீடியோல பாத்ததுக்கு ஒரே நாள்ல இப்படி எளைச்சிருக்கீக?" என்றார் கனகா. "ஒண்ணுமில்ல, வா" என்றார் கார்மேகம்.

அதற்குள் டை கட்டிய ஒருவர் தன் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைப்பதைக் கண்டு கனகா கூச்சத்தில் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். "இவுக யாரு?"

கார்மேகம் முரளிதரனைப் பார்த்தார். ஒரே வார்த்தையில் அந்த மனிதரைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

"எங்க மேனேஜரு" என்றார் கார்மேகம்.

கனகா பதறி, கையிரண்டையும் கூப்பினார். "முரளி சாரா? நீங்கதானா சார்? போன் பேசுறப்பெல்லாம் உங்களைத்தான் சொல்லுவாக. எனக்கு ஒண்ணுன்னா முரளி சார் முன்னால நிப்பாரு, நீ பயப்படாதேன்னு. அந்தத் தைரியத்துலதான் சார் இவுகளை இம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு நான் அங்க தூங்குறேன். நீங்க நல்லா இருக்கணும்."

முரளிதரன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார், கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக. கண்ணில் நீர் முட்டி நிற்கிறவருக்குப் போர்டு எங்கே தெரியும்?

கார்மேகம்தான் பின்னாலேயே ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டார்.

"சார், வண்டி இந்தப் பக்கம்."